மருமகனுக்கு எடுத்துவைத்த முட்டை

அஸ்காலேக்கு வாய் நீளம். பிஷோஃப்துவில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். அவள் மருமகன் ஷிபேஷிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். மினிபஸ் வாசலில் தொங்கிக்கொண்டு ஊர்ப்பெயரைக் கூவுகிறவனுக்கா என் மகள் என்று கொதித்தவள், கல்யாணமாகி அவன் முதன்முதலில் விருந்துக்கு வந்தபோது, கோழிக் குழம்பிலிருந்து ஆளுக்கொரு அவித்த முட்டை எடுத்து வைத்தாள். அவனுக்கு மட்டும் வைக்கவில்லை. எங்கள் ஊரில் இதைவிட அவமானப்படுத்த வேண்டுமென்றால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளத்தான் வேண்டும். மகள் சோஸ்னாவும் அதோடு அம்மா வீட்டுப் படியை மிதிக்கவில்லை.

இந்த ஈஸ்டருக்கு இருவரும் வருகிறோம் என்று சோஸ்னா ஃபோன் செய்ததிலிருந்து அஸ்காலேக்குத் தலைகால் புரியவில்லை. பெருநோன்பு அப்போதுதான் தொடங்கியிருந்தது. கோழிகளுக்கு நோன்பாவது ஒன்றாவது? முட்டையாக இட்டுத் தள்ளின. ஈஸ்டர்வரை ஐம்பத்தைந்து நாளும் வீட்டில் ஒருவரும் முட்டையைத் தொடக்கூடாது. பண்டிகை நெருங்கும்போது கோழிகள் எல்லாம் அடைக்கு உட்கார்ந்துவிடும். சந்தை முட்டையை மருமகனுக்கு வைக்க அவளுக்கு மனமில்லை.

பக்கத்து வீட்டுக்காரி நான். சும்மா இருக்க முடியுமா?

"ஃப்ரீசர்ல வை அக்கா. ஓட்டை உடைச்சு, லேசா கலக்கி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு டப்பால மூடி வை. வேணுங்கறப்ப முந்தின நாளே ஃப்ரிட்ஜுல கீழ்த்தட்டுக்கு மாத்திட்டு, உருகினதும் நல்லா வேகவை. நான் எப்பவும் அப்படித்தான் செய்யறேன்."

"போடி வுபித்! அவனுக்கு ஆம்லெட்டா போடப்போறேன்? அன்னைக்கு நான் வைக்காதது முழு முட்டை. இன்னைக்கும் முழுசாத்தான் வைக்கணும்."

"முழுசா வைச்சா ஓடு வெடிச்சிடுமே."

"எப்படியும் அவிக்கத்தானே போறோம்? இப்பவே அவிச்சு உரிச்சு வைச்சிடறேன்."

"அய்யோ, அவிச்சதை வைச்சா வெள்ளைக்கரு சவ்வாப் போயிடும்க்கா."

"உன் முட்டை போகும். என் முட்டை போகாது."

இதற்கு மேல் அவளிடம் யார் பேசுவது? உருண்டை உருண்டையாக உரித்து, பெரிய முட்டைகளாகப் பார்த்து ஃப்ரீசரில் அடுக்கினாள். குழம்பு வைத்தது பண்டிகைக்கு முந்தைய நாள். நோன்பு முடியாததால் நாக்கில் வைத்துப் பார்க்க முடியாது. விடிந்து நோன்பு முடிந்த பிறகும் மருமகன் வராமல் சாப்பிட மாட்டேன் என்று பட்டினி கிடந்தாள். இப்படியொரு ஆசையை நான் அவளிடம் பார்த்ததே இல்லை.

மதியம் வந்தார்கள். ஷிபேஷி குனிந்து அவள் முழங்காலைத் தொட்டு முத்தமிட்டான். நாங்கள் நால்வரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். அஸ்காலே அவன் பக்கம் முதல் முட்டையை வைத்தாள். அதோடு விடவில்லை. அதைப் பிட்டு, இன்ஜெரா ரொட்டியில் சுருட்டி, தன் கையாலேயே அவன் வாயில் ஊட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊட்டினால் ஒரு கவளத்தோடு நிறுத்துகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அடுத்ததைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் மென்றான். மென்றுகொண்டே இருந்தான். வாயோரம் தண்ணீர் கசிந்தது.

சோஸ்னா தன் முட்டையைக் கடித்துக் கையில் துப்பினாள். "என்னம்மா இது, டயரா? அன்னைக்கு முட்டையே இல்ல, இன்னைக்கு இதுவா? இதுக்கா நாங்க வந்தோம்?"

"சோஸ்னா, விடு," என்றான் ஷிபேஷி வாயில் கவளத்தோடு.

உங்களுக்காகத்தான் சேர்த்து வைத்தேன், கெட்டுப்போய்விட்டது என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்போம். அஸ்காலேயின் முகம் சிவந்தது. வெட்கம்தான், ஆனால் அவளுக்கு வெட்கம் வந்தாலும் கோபமாகத்தான் வரும்.

"பஸ்ல தொங்கறவன் வீட்டுல தினமும் விருந்தாக்கும்! பிடிக்கலைன்னா எழுந்து போங்க!"

சோஸ்னா செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை. ஷிபேஷி கை கழுவி, "வரேன் அத்தை," என்று தலையைக் குனிந்துகொண்டே போனான். நான் வாசல்வரை ஓடி, விஷயத்தைச் சொல்லக் கூப்பிட்டேன். சோஸ்னா திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே வந்து அஸ்காலேயைத் திட்ட வாயெடுத்தேன். இரண்டாவது கவளம் இன்னும் அவள் கையில் இருந்தது. குழம்பு மணிக்கட்டில் வழிந்துகொண்டிருந்தது.

"அவன் துப்பலடி வுபித்," என்றாள். "நான் அவன் தொண்டையையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன். முழுங்கிட்டான். முழுங்கிட்டு, அடுத்ததுக்கு வாயைத் திறந்தான்டி. அப்பத்தான் எழுந்து போங்கன்னு சொன்னேன்."