கிழக்கு கேலரியின் கடைசிச் சுற்று

கோயமுத்தூருக்குக் கிழக்கே, வெள்ளக்கரட்டில் வருஷா வருஷம் நடக்கிற பெரிய மோட்டார் பந்தயத்தில் கார்கள் ஓடுவதில்லை. கேலரிகள்தான் ஓடும். கார்கள் திடலின் நடுவே வரிசையாக நின்று பார்க்கும். ஓட்டுநர்கள் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, மசாலாப் பொரியைக் கொறித்தபடி, இந்த வருஷம் எந்த கேலரி ஜெயிக்கும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள். வெளிநாட்டுக் கார்களெல்லாம் கப்பலேறி வந்து இறங்குவது இதைப் பார்க்கத்தான்.

கேலரி ஓட்டுவது ஒன்றும் கம்பசூத்திரமில்லை. உட்கார்ந்திருக்கிறவர்கள் விசிலடித்தால் ஓடும். கை தட்டினால் திரும்பும். எல்லோரும் வாயை மூடிக்கொண்டால் நின்றுவிடும். மூன்று சுற்று முடித்து, எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்பு போட்டு வைத்திருக்கிற கட்டத்தில் முதலில் போய் உட்காருகிற கேலரிக்குக் கோப்பை. அந்தக் கட்டத்தில் ஒரு கேலரிதான் உட்கார முடியும். மற்றவை போய் ஓரமாக நிற்கவேண்டியதுதான்.

மயிலாத்தாள் கிழக்கு கேலரிக்காரி. சூலூரில் மாவு மில் வைத்திருக்கிறாள். வருஷம் முழுக்க அரைத்துக் கொடுத்துவிட்டு, பந்தயத்தன்று மட்டும் மில்லைப் பூட்டிவிட்டு வருவாள். கிழக்கு கேலரிக்குக் கூரை கிடையாது, சாய்மானம் கிடையாது. வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனால் அங்கே ஒருத்தரும் வெறுங்கையோடு வருவதில்லை. உடுமலை டீச்சர் அடுக்கு அடுக்காக எலுமிச்சம் சோறு கொண்டு வருவார். பல்லடத்து நாச்சிமுத்து அண்ணன், தன் பல்செட்டால் கடிக்க முடியாது என்று தெரிந்தும், ஊருக்கே கொடுக்கிற அளவுக்கு முறுக்கு கொண்டு வருவார். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு எவன் விசிலடிப்பான்? அதனால் கிழக்கு கேலரி எப்போதும் ஆடி அசைந்துதான் வரும்.

இப்படியே நாலு வருஷம் கடைசியாக வந்தாயிற்று. ஐந்தாவது வருஷமும் கடைசி என்றால் கேலரியைக் கழற்றி, கார் நிற்கிற ஷெட்டுக்குத் தூணாகப் போட்டுவிடுவார்கள். சனத்தை மற்ற மூன்று கேலரிகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். டீச்சர் ஒரு பக்கம் போவார், நாச்சிமுத்து அண்ணன் ஒரு பக்கம் போவார். அதை மயிலாத்தாளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வருஷத்தில் ஒரே ஒரு நாள் பார்க்கிற ஆட்கள்தான். ஆனால் டீச்சர் தன் மகளுக்கு வரன் அமைந்த சங்கதியைக் கூடப்பிறந்தவர்களிடம்கூடச் சொல்லாமல் அடக்கி வைத்திருந்து, இங்கே வந்துதான் முதலில் சொன்னார். அப்படிப்பட்ட ஆட்கள்.

அவள் புருஷன் குழந்தைவேலு உட்காருவது கண்ணாடி கேலரியில். பம்ப்செட் கம்பெனியில் போர்மேன். முதலாளி பாஸ் கொடுத்துவிடுவார். அங்கே ஏசி உண்டு, மெத்தை உண்டு, ஆளுக்கொரு பிளாஸ்டிக் விசில் உண்டு. வருஷா வருஷம் ஜெயிப்பதும் அதுதான்.

"பேசாம அங்க வந்து என்ற பக்கத்துல உக்காரு. குளுகுளுன்னு இருக்கும். அந்தச் சனம் என்ன, உனக்குச் சொந்தமா பந்தமா?" என்று அன்று காலையிலும் கேட்டார்.

"குளுகுளுன்னு இருக்கறதுக்கு மாமா, நான் ஊட்டுலயே இருந்துக்குவனே," என்றாள் மயிலாத்தாள்.

கண்ணாடி கேலரிக்கு பேன்ட் சட்டைதான் போடவேண்டும் என்பதால் அவருடைய ஈரோட்டுத் துண்டு கொடியிலேயே கிடந்தது. தலைக்கு ஆகட்டும் என்று அதை எடுத்துப் போட்டுக்கொண்டு அவள் கிளம்பினாள்.

பந்தயம் தொடங்கியது. கண்ணாடி கேலரி பிய்த்துக்கொண்டு போயிற்று. மேற்கும் வடக்கும் பின்னாலேயே ஓடின. கிழக்கு கேலரி எழுந்து நான்கு எட்டு வைப்பதற்குள் டீச்சர் எலுமிச்சம் சோறு இருந்த தூக்குப்போசியைத் திறந்துவிட்டார். முதல் சுற்றின் பாதியில் நாச்சிமுத்து அண்ணன் தன் சம்பந்தியைப் பற்றி ஒரு கதை சொன்னார். கேட்டவர்கள் சிரித்துக் கை தட்டிவிட, கேலரி பாதையை விட்டுத் திரும்பி நேராகக் கார்களிடம் போய்விட்டது. கார்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டன. மறுபடி கை தட்டித் திருப்பிப் பாதைக்குக் கொண்டு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கிழக்கு கேலரி இரண்டாம் சுற்றை முடித்துக் கோட்டுக்கு வந்தபோது, கண்ணாடி கேலரி மூன்றாம் சுற்றில் பாதி தாண்டியிருந்தது. இனி எத்தனை விசிலடித்தாலும் பிடிக்க முடியாது. மயிலாத்தாள் எதிரே பார்த்தாள். சுண்ணாம்புக் கட்டம் காலியாகக் கிடந்தது.

காலியாக ஒரு இடத்தைப் பார்த்தால் அவளுடைய கை சும்மா இருக்காது. சூலூர் பஸ் ஸ்டாண்டில் எத்தனையோ வருஷம் ஜன்னல் வழியாக இடம் பிடித்த கை அது. கீழ் வரிசையிலிருந்து குனிந்தாள். தலையிலிருந்த துண்டை உருவி, கட்டத்துக்கு நடுவே விரித்துப் போட்டாள். காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று டீச்சரின் தண்ணீர் பாட்டிலை வாங்கி அதன்மேல் வைத்தாள். அதற்குள் கேலரி கட்டத்தைக் கடந்து மூன்றாம் சுற்றுக்குப் போய்விட்டது.

"போட்டாச்சா?" என்று கேட்டார் டீச்சர்.

"போட்டாச்சுங்க டீச்சர்."

"அப்பச் சரி," என்று அவர் அடுத்த அடுக்கைத் திறந்தார். கேலரி முழுக்க ஒரு நிம்மதி வந்துவிட்டது. இடம் பிடித்தாயிற்று, பிறகு என்ன அவசரம்? நாச்சிமுத்து அண்ணன் முறுக்கை இரண்டாம் ரவுண்டு விட்டார். மயிலாத்தாளுக்கு மட்டும் ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. போட்ட துண்டைச் சுருட்டி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்ட மகராசன்களை அவள் பார்த்திருக்கிறாள்.

கண்ணாடி கேலரி கோட்டுக்கு வந்தது. அங்கே கொடியோடு நின்ற ஆறுச்சாமியின் சட்டையில் மைக் இருந்ததால், நடந்த பேச்சு முழுவதும் ஒலிபெருக்கியில் திடலுக்கே கேட்டது.

முதலில் எதுவுமே கேட்கவில்லை. துண்டைப் பார்த்ததும் கண்ணாடி கேலரிச் சனம் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, யாருடையது என்று பார்த்தது. எல்லோரும் பேசாமல் இருந்ததால் கேலரி நின்றுவிட்டது. பின்னால் வந்த மேற்கும் வடக்கும்கூட வரிசையாக நின்றன.

"ஏன் நிக்குது? எல்லாரும் ஊதுங்க," என்றது ஒரு குரல். அது கண்ணாடி கேலரியின் மேனேஜர். கோட்டு சூட்டுப் போட்ட மனிதர்.

"துண்டு கெடக்குதுங்க," என்றார் ஆறுச்சாமி.

"எடுத்து எறிஞ்சுட்டுப் போகவேண்டியதுதானே."

"ஆள் வருதான்னு கேக்காம எப்படிங்க எடுக்கறது?"

கோட்டுக்காரர் தானே விசிலை ஊதினார். ஒற்றை விசிலுக்கு கேலரி ஒரு சாண் நகர்ந்தது. இன்னொரு முறை ஊதினார். கேலரியின் இரும்புக் கால் தண்ணீர் பாட்டிலை உரசுகிற மாதிரி வந்து நின்றது. திடலின் அந்தக் கோடியில் மயிலாத்தாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"நிறுத்துங்க. அது என்ற துண்டு. ஓரத்துல இஸ்திரிப் பெட்டி சுட்ட அடையாளம் இருக்குது பாருங்க."

குழந்தைவேலுவின் குரல். வீட்டில் உப்புப் போதவில்லை என்பதைக்கூட மெதுவாகச் சொல்கிற மனிதர், ஒலிபெருக்கியில் கணீரென்று பேசினார்.

"ஆள் வருதுங்களா?" என்று கேட்டார் ஆறுச்சாமி.

"வருதுங்க. என்ற ஊட்டுக்காரி வர்றா."

"ஒரு துண்டுக்கு ஒரு ஆள்தானே? அந்தம்மா மட்டும் வந்து உட்காரட்டும்," என்றார் கோட்டுக்காரர்.

ஆறுச்சாமி கொஞ்சம் யோசித்தார். "குடும்பமா வந்தா ஒரு துண்டு போதுமுங்க. அதுதான் வழக்கம்."

"அந்த கேலரி மொத்தமும் ஒரே குடும்பமா?"

மயிலாத்தாள் கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் டீச்சர் கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். காலையில் குழந்தைவேலு கேட்ட அதே கேள்விதான். இப்போது பதில் சொல்லவேண்டியது அவர்.

"ஆமாங்க," என்றார் குழந்தைவேலு. "ஒரே குடும்பந்தானுங்க. எனக்குத்தான் லேட்டாத் தெரியுது."

மயிலாத்தாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனுஷன் நாலு பேருக்கு முன்னால் அவளுக்காக ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியதும் பேசினார், திடலுக்கே கேட்கப் பேசிவிட்டார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எல்லாரும் வாயில இருக்கறத முழுங்குங்க," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அங்க நமக்காக நிக்கறாங்க."

கேலரி மொத்தமும் விழுங்கியது. தண்ணீர் குடித்தது. நாச்சிமுத்து அண்ணன் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெறும் ஈறில் நாக்கை மடக்கி ஒரு விசில் அடித்தார். அப்படி ஒரு விசிலை வெள்ளக்கரடு கேட்டதில்லை. டீச்சர் இரண்டு விரலை வாயில் வைத்தார். உடுமலைப் பள்ளிக்கூடத்தில் அவரிடம் அடி வாங்கிய பையன்கள் பார்த்திருக்கவேண்டும். கேலரி நான்கு காலும் தரையில் படாமல் பறந்தது. வளைவில் ஒரே ஒரு கைதட்டு, அளவான தட்டு. வழுக்கிக்கொண்டு திரும்பியது.

நேர்ப்பாதைக்கு வந்ததும் மயிலாத்தாள் பார்த்தாள். மூன்று கேலரிகளும் ஒதுங்கி வழிவிட்டு நின்றன. மேற்கு கேலரியில் கீழ் வரிசைக்காரர்கள் கால் பட்டுவிடாதபடி முழங்காலை மடக்கிக்கொண்டார்கள். துண்டு போட்டது போட்டபடி கிடந்தது. அவள் குனிந்து பாட்டிலையும் துண்டையும் எடுத்தாள். கிழக்கு கேலரி கட்டத்துக்கு நடுவே, அலுங்காமல் குலுங்காமல் உட்கார்ந்தது. ஆறுச்சாமி கொடியை இறக்கினார்.

கார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டன. மனசு இளகிய இரண்டு வெளிநாட்டுக் கார்கள் வைப்பரை ஓடவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டன. ஓட்டுநர்கள் பானட்டின்மேல் ஏறி நின்று ஆடினார்கள். கோட்டுக்காரர் நேராக வந்து டீச்சரிடம் ஒரு கை எலுமிச்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கோப்பை கையிலிருந்து கைக்கு மேல் வரிசைவரை போய்த் திரும்பி வருவதற்குள் அதில் பாதிக்கு முறுக்கு நிறைந்திருந்தது.

குழந்தைவேலு கண்ணாடி கேலரியிலிருந்து இறங்கி நடந்து வந்தார். பாஸை ஆறுச்சாமியிடம் கொடுத்துவிட்டார்.

"எனக்கும் ஒரு இடம் இருக்குமா?" என்று கேட்டார்.

மயிலாத்தாள் திரும்பி மேலே பார்த்தாள். ஜெயித்த கேலரிக்கு உச்சியில் புதிதாக ஒரு வரிசை முளைக்கும். பலகைகள் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டன. ஓரத்தில் இருந்த இரண்டு மட்டும் இன்னும் கொஞ்சம் வளரவேண்டியிருந்தது.

"மேல போலாம் வாங்க மாமா, நானும் வர்றேன்," என்றாள். "பாத்து உக்காருங்க. பெயிண்ட் காயல."