அந்தப் பக்கம் திரும்பு

பதினோராவது முறையும் தவறு என்றது மடிக்கணினி. யுன்-ரு அதை முன்னால் தள்ளிவிட்டு அப்பாவின் நாற்காலியில் சாய்ந்தாள். அது கிறீச்சிட்டது. சாய்ந்தால் கிறீச்சிடும் நாற்காலி என்று இன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அப்பா இருந்தவரை இந்த அறையில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

அப்பா இறந்து ஐந்து நாளாகிறது. கூடத்தில் மஞ்சள் துணி விரித்த மேசையில் ஊதுபத்தி புகைகிறது, ஒரு கிண்ணம் சோறு ஆறிக்கிடக்கிறது, நடுவில் படமில்லாத சட்டம் நிற்கிறது. மருத்துவமனையில் அவர் கடைசியாகத் தெளிவாகச் சொன்னது இதுதான்: "என் படம் கம்ப்யூட்டர்ல இருக்கு. அதத்தான் வைக்கணும்." கடவுச்சொல்லை அவர் சொல்லவில்லை. வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை. கேட்டால் அவர் சாகப்போகிறார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

நாளை காலை சடங்கு. படத்தைப் பெரிதாக்க இன்று நான்கு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் அடையாள அட்டையில் இருக்கும் படம்தான்.

"அந்தப் படத்த வச்சா, வர்றவங்க கும்பிட மாட்டாங்க. போலீசுக்குப் போன் பண்ணுவாங்க," என்றான் தம்பி போ-காய்.

"நீ வந்து உக்காந்து தட்டிப் பாரேன். வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது."

"எனக்கென்ன தெரியும்? நீதான கூட இருந்த."

கூடத்தான் இருந்தாள். அதுதான் எரிச்சல். தேநீர் கொண்டுபோனால் அப்பா ஒரு கையால் விசைகளை மறைத்துக்கொண்டு, "அந்தப் பக்கம் திரும்பு," என்பார். அம்மாவுக்கும் அதே உத்தரவுதான். மாதா மாதம் கடவுச்சொல்லை மாற்றுவார். திரைக்கு மேலிருந்த கேமராக் கண்ணின் மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டியிருந்தார். அதன் ஒரு மூலை மட்டும் அழுக்கேறிச் சுருண்டிருந்தது.

"விடு. அவர்கிட்டயே கேட்டுடுவோம்," என்றாள் அம்மா.

கூடத்து மேசைக்கு முன்னால் மண்டியிட்டு இரண்டு பத்து யுவான் காசுகளை உள்ளங்கையில் குலுக்கினாள். ஒன்றில் தலையும் மற்றதில் எண்ணும் விழுந்தால் செத்தவர் ஆமாம் என்கிறார்.

"ஏங்க, கேக்குதா? நம்ம கல்யாண நாளா?"

காசுகள் தரையில் சுழன்று விழுந்தன. ஒன்று தலை, ஒன்று எண். அம்மாவின் முகம் மலர்ந்தது. "பாத்தியா!"

யுன்-ரு தட்டினாள். தவறு.

"வருஷத்த முன்னால போடணுமான்னு கேளும்மா," என்றான் போ-காய்.

அதற்கும் ஆமாம். அதுவும் தவறு. இனி அரை மணி நேரம் எதையும் ஏற்கமாட்டேன் என்று திரை சொல்லிவிட்டது.

அம்மா காசுகளைப் பொறுக்கி மேசையில் டக்கென்று வைத்தாள். "செத்தும் மாறல பாரு! முப்பத்தஞ்சு வருஷம் இதே கதைதான். எதக் கேட்டாலும் ஆமா ஆமான்னு தலையாட்டுவார். அப்புறம் அவர் இஷ்டத்துக்குத்தான் செய்வார்."

யுன்-ரு கடைத்தெருவில் கணினி பழுதுபார்க்கும் ஆ-செங்கை அழைத்தாள். மூன்று மணிக்கு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், பாக்கு மென்றபடி வந்தான்.

"பாஸ்வேர்ட மறந்துட்டாரா?"

"செத்துட்டார்."

"ஓ." ஹெல்மெட்டைக் கழற்றினான். பாக்கை வெளியே துப்பிவிட்டு வந்து, ஓர் ஊதுபத்தி ஏற்றி மூன்று முறை வணங்கிவிட்டு மடிக்கணினியைக் கவிழ்த்தான்.

"பாஸ்வேர்டக் கண்டுபிடிச்சிடுவீங்களா?"

"அது எதுக்குக்கா? பாஸ்வேர்டு வாசக்கதவுப் பூட்டு. இந்த வீட்டுக்குப் பின்னால சுவரே கிடையாது." திருகுகளைக் கழற்றத் தொடங்கினான். "டிஸ்க்க உருவி என் மெஷின்ல மாட்டினா, இது என்னோடது மாதிரி ஆயிடும். உள்ள இருக்கறத யாருக்கும் புரியாத மாதிரி மாத்தி வைக்கவும் வழி இருக்கு. அத அவர் பண்ணியிருந்தா நானும் கும்பிட்டுட்டுப் போக வேண்டியதுதான்."

"பண்ணியிருக்காரா?"

"பண்ணியிருக்க மாட்டார். பெரியவங்க யாரும் பண்றதில்ல. பூட்டு பெருசா தெரிஞ்சா போதும்னு நினைச்சுக்குவாங்க."

எட்டுத் திருகுகள். பத்து நிமிடத்துக்குள் டிஸ்க் ஆ-செங்கின் கணினியில் திறந்துகொண்டது. யுன்-ருவுக்கு அப்பாவின் மேல் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் எங்களை முதுகைக் காட்டி நிற்கவைத்தது இதற்குத்தானா?

உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. பாதியில் விட்ட சதுரங்க ஆட்டங்கள், பேருந்து நேரங்கள். 'படம்' என்று ஒரு கோப்புறை. திறந்தாள்.

நாற்பதுக்கும் மேல் இருந்தன. எல்லாவற்றிலும் அதே சாம்பல் சட்டை, அதே வெள்ளைத் திரைச்சீலை. கதவைச் சாத்திக்கொண்டு, பிளாஸ்திரியைப் பிரித்துத் தானே எடுத்துக்கொண்டவை. முதல் படத்தில் முறைக்கிறார். சிலவற்றில் பல் தெரிகிறது, சிலவற்றில் உதட்டோரம் மட்டும் ஏறியிருக்கிறது. எப்படிச் சிரிப்பது என்று தெரியாமல் முயன்றிருக்கிறார். முதல் படத்தின் தேதி போன வருடம் முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்து கும்பிடும் நாளுக்கு மறுநாள். நோய் இருப்பது இவர்களுக்குத் தெரிந்ததே போன மாதம்தான்.

படங்களை வரிசையாகத் தள்ளினாள். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இடைவெளி விழுந்து, பெரிதாகிக்கொண்டே போனது.

"எத அனுப்பறது?" என்றான் போ-காய்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது. இதுலதான் சட்டை அளவா இருக்கு."

சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் எதுவும் உருளும் சத்தம் கேட்கவில்லை.

மறுநாள் சடங்கு முடிந்து, எரித்தால் அப்பாவுக்குப் போய்ச் சேரும் என்று கொல்லையில் காகித வீட்டையும் காகித வண்டியையும் அடுக்கினார்கள். அவற்றை விற்ற கடைக்காரர் காகித மடிக்கணினி ஒன்றும் கொடுத்திருந்தார். வேறெந்த ஆவியும் உரிமை கொண்டாடாதபடி, யுன்-ரு அதன் மேல் அப்பாவின் பெயரையும் முகவரியையும் எழுதினாள். மூன்று பேரும் சிவப்புக் கயிற்றைப் பிடித்தபடி சுற்றி நின்றார்கள்.

"கயித்த விட்டுடாதீங்க," என்றாள் அம்மா. "நாதியில்லாம அலையறதுங்க உள்ள கை வச்சிடும்."

தீ பற்றியது. போ-காயின் போன் அடித்தது. தொழிற்சாலையிலிருந்து. அவன் கயிற்றை விட்டுவிட்டு நகர்ந்தான். அவன் விட்ட இடத்தை யுன்-ரு எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

வீடு சரிந்தது. அதனடியிலிருந்த காகிதக் கணினியின் மூடி சூட்டில் மெல்ல எழும்பித் தானாகத் திறந்தது.

அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். யுன்-ருவும், கயிற்றை விடாமல், திரும்பிக்கொண்டாள்.