சுஹறா வீட்டு ஹோல்

படிவத்தின் ஒன்பதாவது கேள்விக்கு றம்ஸியா அதிகம் யோசிக்காமல்தான் பதில் எழுதினாள். வகுப்பு நடக்கும் இடம் யாருடையது என்று கேட்டிருந்தார்கள். சுஹறா வீட்டு முன் ஹோல் என்று எழுதினாள். ஐந்து வருடத்துக்கு அந்த இடம் உறுதியா என்று அடுத்த கேள்வி. ஓம் என்று எழுதி, சுஹறாவிடம் கையெழுத்தும் வாங்கி, கனடாவுக்கு அனுப்பிவிட்டாள்.

அது பெப்ரவரி மாதம். அதற்கு மூன்று கிழமைக்குப் பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டு நேரத்தில், தம்பி றிபாத்துக்கு ஒரு பெண் பார்த்து வைத்திருப்பதாக உம்மாவிடம் சொன்னாள்.

"பொண்ணுக்கு ஊடு இரிக்கா மகள்?" என்றுதான் உம்மா முதலில் கேட்டார்.

"இரிக்கி உம்மா. சின்ன ஊடுதான். ஆனா முன்னுக்கு நல்ல பெரிய ஹோல்."

இரண்டு இடத்திலும் அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒரே ஹோல்.

கல்முனையில் மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இயங்குகிற சிறிய நிறுவனம் ஒன்றில் றம்ஸியா வேலை செய்கிறாள். ஏழைப்பட்ட சனங்கள் தாங்களாகவே தொடங்கி நடத்துகிற வேலைகளைத் தேடிப்போய்ப் பார்த்து, உதவ நினைக்கிற வெளிநாட்டுக்காரரோடு தொடுத்துவிடுவது அவளுடைய வேலை. அப்படித்தான் சுனாமி வீட்டுத்திட்டத்தின் கடைசி ஒழுங்கையில் இருந்த சுஹறாவின் வீட்டுக்கு முதன்முதலாகப் போனாள்.

கரைவலை இழுக்கிறவர்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர்கள், பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் சேரவே முடியாதவர்கள் என்று முப்பதுக்கு மேல் இருந்தார்கள். ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் இருந்த தமிழ்ப் பிள்ளைகளும் வந்தார்கள். தாய்மாரே கூடித் தொடங்கிய வகுப்பு அது. ஒருத்தி பாய் கொண்டுவருவாள், ஒருத்தி முறைக்குத் தேத்தண்ணி ஊற்றுவாள். சுவரில் எழுத்துகளையும் பெருக்கல் வாய்ப்பாட்டையும் மீந்த பெயின்டால் அவர்களே எழுதியிருந்தார்கள். படிப்பித்தது சுஹறாவின் மகள் ஹிமாயா. இருபத்தொன்பது வயது. வாப்பாவைக் கடல் கொண்டுபோனபோது அவளுக்குப் பள்ளிக்கூட வயது.

திட்டத்தில் மற்ற வீடுகளெல்லாம் இரண்டு அறையோடு முடிந்துவிடும். மூலை வளவு என்பதால் சுஹறாவின் தம்பிமார் சேர்ந்து முன்னால் ஹோல் ஒன்றை இறக்கிக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பள்ளிவாசல் மண்டபத்தில் வைக்கலாம் என்று ஒருமுறை பேச்சு வந்தது. தமிழ்ப் பிள்ளைகளின் தாய்மார் தயங்கினார்கள். கோயில் மடம் என்றபோது இந்தப் பக்கத்து முஸ்லிம் தாய்மார் தயங்கினார்கள். சுஹறா வீட்டுக்கு வர யாரும் தயங்கவில்லை.

"என்ட மகன் பிரகாஸ் இருக்கானே மிஸ்," என்றாள் பூமணி. தாய்மார் குழுவில் அவள் குரல்தான் பெரியது. "அஞ்சு மாசத்துக்கு முன்ன ஆனா ஆவன்னா தெரியா. நேத்து என்ட இருமல் மருந்துப் போத்தல வாசிச்சுப் போட்டு, 'அம்மா, இது போன வருசமே முடிஞ்சிட்டு, குடிச்சா நீயும் முடிஞ்சிருவாய்' எண்டான்."

பாயில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். ஹிமாயா சிரித்தபோது றம்ஸியாவுக்கு அவளை நிரம்பப் பிடித்துவிட்டது. நான்கு இடத்தில் சம்பந்தம் பேசி, வீடு போதாது, மாடி இல்லை என்று விட்டுவிட்டுப் போனார்கள் என்று சுஹறா சொல்லியிருந்தார். கட்டாரிலிருந்து திரும்பி வந்து வயரிங் வேலை செய்யும் தன் தம்பியின் முகம் அந்த நேரத்தில்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

எல்லாம் கூடி வந்தது. பேச்சு முடிந்த கிழமையே றிபாத் அந்த ஹோலின் மின்விசிறியைப் பார்த்துவிட்டு, ஸ்க்ரூட்ரைவரோடு வந்து ஏணியில் ஏறினான். பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். விசிறி சுற்றியதும் கைதட்டினார்கள். அவன் ஏணியில் நின்றபடியே குனிந்து சலாம் வைத்தான். ஹிமாயா கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் காதுவரை சிவந்திருந்ததை றம்ஸியா பார்த்தாள்.

ஜூன் மாதம் கனடாவிலிருந்து செய்தி வந்தது. சியாமின் குழு உதவ ஆயத்தம். சியாம் மருதமுனையில் பிறந்தவர். கனடாவுக்குப் போய் முப்பது வருடம். தாய்மாரோடு ஒருமுறை வீடியோவில் கதைத்துவிட்டால் போதும், ஓகஸ்டில் தொடங்கலாம் என்றார். றம்ஸியா அந்தச் சந்தோசத்தோடு உம்மா வீட்டுக்குப் போனாள். உம்மா அளவு நாடாவை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணுட ஊட்டுக்குப் போய்த்து வாறன். ஹோலுக்கு சோபா செட் சரியா இரிக்கும். ஒரு பக்கம் அலுமாரி. நாளைக்குப் பெயின்ட் அடிக்க ஆள் போறான். அந்தப் புள்ளையள் சுவரெல்லாம் கிறுக்கி வெச்சிரிக்குதுகள்."

"உம்மா, அது வகுப்பு நடக்கிற இடம்."

"இப்ப நடக்கும். மாப்பிள வந்த பொறகும் நடக்குமா? என்ட மகன் வேல விட்டு வந்தா எங்க இரிக்கிற? அந்தப் புள்ளையள்ற செருப்புக்கு மேலயா?"

உம்மா சொன்னது ஊர் வழக்கம்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பான். வீடு மகளுடையதாகிவிடும், தாய் பின்னறைக்கு ஒதுங்குவார். பதினொரு வருடத்துக்கு முன் றம்ஸியாவின் கணவர் ஜவுபர் அவளுடைய வீட்டுக்கு அப்படித்தான் ஒரு சூட்கேஸோடு வந்தார். சுஹறாவின் கையெழுத்துக்கு மகளின் நிக்காஹ் வரைக்கும்தான் ஆயுள். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். ஆங்கிலப் படிவத்தை நிரப்பும்போது மட்டும் அது அவள் நினைவுக்கு வரவில்லை.

றிபாத்தைத் தேடிப்போனாள். அவன் ஒரு கடையின் புதிய கட்டடத்தில் வயர் இழுத்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல றாத்தா. பின்னேரம் ரெண்டு மணித்தியாலம்தானே. நான் வேல முடிஞ்சு வரவே இருட்டிரும்."

"அப்ப அத உம்மாட்டச் சொல்லு."

அவன் வயரையே பார்த்துக்கொண்டு நின்றான். "நீங்க சொல்லுங்களன்."

"நான் சொன்னா, வேலைக்காகச் சொல்றன் எண்டுவாங்க. மாப்பிள நீ சொன்னாத்தான் எடுபடும்."

"கட்டாருக்குப் போக உம்மா காப்பு வித்துத்தான் அனுப்பின. இப்ப நான் பொண்ணு பக்கம் கதைக்கிறன் எண்டு ஆகிரும் றாத்தா." குரல் இறங்கிவிட்டது. "உம்மா என்ன சொன்னாலும் சரி எண்டு சொல்லிருங்க."

ஹிமாயாவிடம் அவளே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைகள் போனபிறகு ஹிமாயா ஹோலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அவர் என்ன சொன்ன?"

"அவனுக்கு விருப்பம்தான். ஆனா உம்மாட வாய்க்கு முன்னால நிக்க அவனால ஏலாது."

ஹிமாயா குப்பையை ஒரு மூலைக்கு ஒதுக்கினாள். "விசிறிக்கு எண்ணெ போடணும், கிறீச் எண்டு சத்தம் வருது எண்டு நேத்து சொன்னன். வெள்ளிக்கிழம வாறன் எண்டார்." பிறகு, "அஞ்சாவது இடமும் கைவிட்டா உம்மா படுத்திருவாங்க றாத்தா," என்றாள்.

"நீ என்ன நினைக்கிறாய் எண்டு கேக்கிறன்."

"எனக்கு அவர வேணும்." இதைச் சொல்லும்போது அவள் நிமிரவில்லை. "புள்ளையளும் வேணும். எத விடுற எண்டு நீங்க சொல்லுங்க. நீங்கதானே ரெண்டயும் கொண்டுவந்த."

அடுத்த நாளே றம்ஸியா புறப்பட்டாள். இரவல் ஹோல் தேடி ஒழுங்கை ஒழுங்கையாக இரண்டு நாள் நடந்தும் கிடைக்கவில்லை. தன் வீட்டைத் தருகிறேன் என்றாள். அவ்வளவு தூரம் பிள்ளைகளை யார் கூட்டிவருவது என்று தாய்மார் கேட்டார்கள்.

வீடியோவில் கதைக்கிற நாள் வந்தது. எழுத்துகள் இருந்த சுவர் இப்போது இளம் பச்சையாக இருந்தது. புதுப் பெயின்ட் மணத்தோடு தாய்மார் பாயில் நெருங்கி இருந்தார்கள். றம்ஸியா போனை ஒரு செம்பில் சாய்த்து வைத்தாள். சியாம் நரைத்த தாடியோடு சிரித்தார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். பூமணி மருந்துப் போத்தல் கதையைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஒரு விசயம் மட்டும் கேக்கணும். முன்ன ஒரு ஊரில வாசிகசாலைக்கு உதவி செஞ்சம். இப்ப அதுக்குள்ள நெல்லு மூட்ட அடுக்கி வெச்சிரிக்காங்க. அதாலதான் கேக்கிறம். இந்த ஹோல் அஞ்சு வருசத்துக்கு நிச்சயம்தானே?"

எல்லாரும் சுஹறாவைப் பார்த்தார்கள். சுஹறா மகளைப் பார்த்தார். சொல்ல வேண்டியவள் தான்தான் என்று றம்ஸியாவுக்குத் தெரிந்தது. ஓம் என்று சொன்னால் இந்த வருடமாவது நடக்கும் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. அவள் வாயைத் திறப்பதற்குள் ஹிமாயா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இல்ல சேர். இந்த ஊடு எனக்கு வாற ஊடு. அடுத்த மாசம் எனக்கு நிக்காஹ். அதுக்குப் பொறகு ஹோல் தர ஏலாது. பொய் சொல்லி ஒங்கட உதவிய எடுக்க எனக்கு விருப்பமில்ல."

சியாம் தலையாட்டினார். "உண்மையச் சொன்னீங்க மகள். அல்லாஹ் நல்ல வாழ்க்கையத் தரட்டும்," என்றார். "வேற இடம் கிடைச்சா எழுதுங்க றம்ஸியா. இந்த வருசம் நாங்க அக்கரைப்பற்றுப் பக்கம் இன்னொண்டப் பாக்கிறம்."

திரை இருண்டதும் பூமணி எழுந்து தன் பாயைச் சுருட்டினாள். ஹிமாயாவின் தலையைத் தொட்டாள். "நீ அழாத புள்ள. உனக்கு வந்த வாழ்வ நாங்க பறிக்கிற இல்ல." றம்ஸியா பக்கம் திரும்பினபோது அந்தக் கனிவு இல்லை. "எங்களுக்கு உதவி கேட்டு ஒரு பக்கம் போனீங்க மிஸ். உங்கட தம்பிக்குப் பொண்ணு கேட்டு ஒரு பக்கம் போனீங்க. ரெண்டும் ஒரே வாசல் எண்டு உங்களுக்குத் தெரியல்லயா?"

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வர இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. றம்ஸியா உள்ளே பெண்ணுக்கு முந்தானை குத்திவிட்டு வெளியே வந்தாள். பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஹிமாயா ஒவ்வொருவருக்கும் தானே சொல்லி அனுப்பியிருந்தாள். வாசலில் செருப்புகள் சோடி சோடியாக நேர்வரிசையில் இருந்தன. சோபாக்களுக்கு நடுவே தரையில், வகுப்பில் இருக்கிற அதே வரிசையில், சின்னவர்கள் முன்னால், பெரியவர்கள் பின்னால் இருந்தார்கள். பிரகாஸ் வெள்ளைச் சேட்டு போட்டிருந்தான். தலைக்கு மேலே விசிறி சத்தமில்லாமல் சுற்றியது.

"மகள், அந்தப் புள்ளையள எழுப்பு," என்றார் உம்மா, வாசலைப் பார்த்தபடி. "மாப்பிள ஆக்கள் வாற நேரம்."

றம்ஸியா போய் அவர்கள் முன்னால் நின்றாள். சரியாக ஹிமாயா நிற்கிற இடம் அது. முப்பது முகங்களும் பாடம் கேட்பதுபோல நிமிர்ந்தன.

"எல்லாரும் வளவுக்குப் போங்க கண்ணு. அங்க கதிர போட்டிரிக்கி."

"மிஸ், இனி நாங்க எங்க இரிக்கிற?" என்று கேட்டான் பிரகாஸ். அவன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"வளவுலதான் மகன். போங்க."

அவர்கள் வரிசை குலையாமல் எழுந்து, அவரவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒழுங்கை முனையில் வாகனங்களின் ஹோர்ன் சத்தம் கேட்டது.

அறைக்குத் திரும்பியபோது ஹிமாயா கண்ணாடி முன்னால் அசையாமல் இருந்தாள்.

"புள்ளையள் வந்தாங்களா றாத்தா?"

"வந்தாங்க."

"ஹோல்லயா இரிக்காங்க?"

றம்ஸியா குனிந்து, கழன்றிராத ஊசி ஒன்றை மறுபடி குத்தினாள்.

"ஓம்," என்றாள்.