தப்பில்லாத இன்சூரன்ஸ்

உங்கள் காரைப் பின்னாலிருந்து ஒருவர் இடித்துவிட்டால், வைத்தியச் செலவுக்கு யார் கதவைத் தட்டுவீர்கள்? இடித்தவர் கதவைத்தானே? மெர்சியூஸ் அண்ணனும் பதின்மூன்று நாளாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வடக்கு மயாமியில் அவருடைய முடிதிருத்தும் கடையில் இரண்டாவது நாற்காலி என்னுடையது. சிவப்பு விளக்கில் நின்றிருந்த அண்ணனின் காரில் ஒரு பெரியவர் வந்து மோதினார். அன்றிலிருந்து அண்ணனின் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. கை எழாவிட்டால் கடை ஏது? பிடிவாதமாக இடது கையால் வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பாதிரியாரின் கிருதா ஒன்று காதுக்கு மேலே நின்றது, மற்றது கீழே இறங்கியது.

பதினாலாம் நாள் சாயங்காலம் அண்ணி யோலெத் ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

"இன்னிக்குள்ள டாக்டர்கிட்ட காட்டலேன்னா நம்ம இன்சூரன்ஸ் ஒரு டாலர் தராது. பதினாலு நாள்தான் கெடு. கெளம்பு!"

"நம்ம இன்சூரன்ஸை நான் எதுக்குக் கேக்கணும்? இடிச்சது அவரு."

"தப்பு யாருதுன்னே இதுல பாக்க மாட்டாங்களாம். பேரே தப்பில்லாத இன்சூரன்ஸ்."

"அதத்தான் நானும் சொல்றேன்! அவரு மேல தப்பே இல்லன்னு நான் கையெழுத்துப் போடணுமா? கை போனாலும் போடமாட்டேன்."

"கை போனா? கத்தரிக்கோல வாயில கவ்விக்கிட்டு வெட்டுவியா?"

கடையே சிரித்தது. அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, கழுத்தில் பட்டை கட்டிய ஒரு பெரியவர் உள்ளே வந்தார். இடித்தவரேதான். தெலீனுவா என்று பெயர். அண்ணனின் காரில் எழுதியிருந்த கடைப் பெயரைப் பிடித்து வந்திருக்கிறார், கையில் ஒரு பை மாம்பழத்தோடு.

"மன்னிச்சுக்க தம்பி. கை எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"இருக்கு. உங்க கழுத்துக்கு யாரு செலவு பண்றா?"

"என் இன்சூரன்ஸ்தான். மறுநாளே போயிட்டேன். ஆறு தடவை புடிச்சு விட்டாச்சு. சுகமா இருக்கு!"

அண்ணன் கத்தரிக்கோலை வைத்துவிட்டுத் திரும்பினார். "இடிச்சவருக்கா?"

"இந்த ஊருச் சட்டப்படி அவங்கவங்க ஒடம்புக்கு அவங்கவங்க கம்பெனி, தம்பி. தப்பு என்னுதுதான். போலீஸ் அன்னிக்கே எனக்கு அபராதச் சீட்டு குடுத்துட்டாங்க. அது வேற, இது வேற."

"அப்ப இடிச்சவரு ஆறு தடவை சுகமாப் படுத்து எந்திரிச்சிருக்காரு. இடி வாங்கினவன் இங்க நின்னு பாதிரியார் கிருதாவைக் கெடுத்துக்கிட்டு இருக்கேன்!" இடது கையால் மேலங்கியை உருவி எறிந்தார். "யோலெத், சாவிய எடு!"

நாற்காலியில் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தவர் பதறினார். "அண்ணே, என் தலை?"

"இவன் முடிப்பான்," என்று என்னைக் காட்டினார்.

பெரியவர் முன்னால் வந்தார். "வேணும்னா நான் ஓட்டட்டுமா?"

"நீங்க மாம்பழத்த மட்டும் புடிங்க!"

மூவரும் ஒரே காரில் போனார்கள். கிளினிக் மூட அரை மணி இருந்தது. தசைநார் பிசகியிருக்கிறது, ஒழுங்காகப் பயிற்சி செய்தால் கை பழையபடி எழும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். திரும்பி வந்ததும் அண்ணன் அந்தச் சீட்டைக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். வழியில் அவர்கள் தின்றதுபோக மீதி மாம்பழத்தை எல்லோரும் தின்றோம்.

மறுநாள் காலை எட்டரைக்கு மெர்சியூஸ் அண்ணன் பயிற்சிக்குப் போனார். வாரம் மூன்று நாள் வரச் சொன்னார்கள்; செலவு அவருடைய இன்சூரன்ஸ் கணக்கில்.