தானாக முறிந்தது

மார்கிறட் அக்கா என் மிருக வைத்தியசாலை மேசையில் மீன்கூடையின் மூடியைத் திறந்ததும் சூடை உறுமினாள். பதின்மூன்று வயதுப் பூனை. பின்னங்கால் ஒன்று துணிபோல் தொங்கியது. கருவாட்டைத் தின்றதற்காகப் பக்கத்து வீட்டு நல்லரத்தினம்தான் விறகால் அடித்திருப்பான் என்று, வவுணதீவிலிருந்து பாலத்து ஆமிச் சோதனை வரிசையில் நின்ற நேரமெல்லாம் அவர் ஏசிக்கொண்டே வந்திருந்தார்.

ஆசுபத்திரியில் எக்ஸ்றே படம் பிடிக்கும் அருளப்பு என் கூட்டாளி. மத்தியானம் பூனைக்கும் ஒன்று எடுத்துத் தந்தான். அதை யன்னலில் பிடித்து அக்காவுக்கு விளக்கினேன். எலும்பு ஒரு பக்கம் இடிந்து, மறுபக்கம் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிற வீடு. சூடையின் இழுப்புக்கு நான் எழுதிக் கொடுத்த மாத்திரை மூச்சுக்குழாயின் வீக்கத்தை வற்றவைக்கும். கூடவே, கட்டுகிற மேசன்மாரையும் வேலையிலிருந்து நிறுத்திவிடும். இடிப்பவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். ஐந்து வருடம் இப்படியே நடந்திருக்கிறது. நல்ல எலும்பின் ஓரம் படத்தில் கரும்பலகையில் வெண்கட்டியால் கீறிய கோடுபோல் தெரியும். சூடையின் எலும்பிலோ முட்டையோட்டளவு தடிப்புத்தான்.

"கதிரையில இருந்து குதிச்சாலே இது முறியக் காணும் அக்கா. ஒருத்தரும் அடிக்கல்ல. தானா முறிஞ்சிரிக்கி."

மாத்திரையை வேளைக்கே குறைத்திருக்க வேண்டியவன் நான். ஆமி பாதையைப் பூட்டியதால் அவர் பூனையைக் கொண்டுவர முடியாமற்போனது பாதிக் காரணம்தான். அதையும் சொன்னேன். ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"தானா," என்றார் மெதுவாக. "அவங்களும் இதத்தானே எழுதினவங்க."

போன வருடச் சுற்றிவளைப்பில் அவருடைய மகன் வின்சன்றை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். ஐந்தாம் நாள் ஆசுபத்திரியில் கிடந்தான். எட்டாம் நாள் செத்துப்போனான். படியில் தானாக விழுந்து தொடை முறிந்தது என்று முகாமிலிருந்து கடதாசி வந்தது.

"எண்ட மகன் என்ன மாத்திரை குடிச்சவன், டொக்டர்?"

அந்த முகாம் முந்தி நெல்லுக் களஞ்சியம். மாடுகளுக்கு ஊசி போடப் போனபோது நானே ஏறி இறங்கியிருக்கிறேன். மூன்றே படி. வலை இழுத்து உரமேறிய இருபத்திரண்டு வயதுத் தொடை அதில் விழுந்து முறியாது. இரும்பு அலவாங்கு வேண்டும், அதைப் பிடிக்க ஆளும் வேண்டும். முட்டையோடாய்ப் போன பூனை எலும்புக்கே அப்படி முறிய ஐந்து வருடம் பிடித்தது.

அக்கா பையிலிருந்து பழைய பேப்பரில் சுற்றிய இன்னொரு படத்தை எடுத்தார்.

"இதையும் பாத்திட்டு, தானா முறியாது எண்டு எழுதித் தாங்க. மனிச டொக்டர்மார் ஒருத்தரும் எழுதல்ல."

"நான் மாட்டு டொக்டர் அக்கா. எண்ட எழுத்த ஆரு எடுப்பாங்க?"

"எலும்பு எலும்புதானே. பூனைக்கு உங்கட பிழைய ஒத்துக்கொண்டீங்க. நீங்க எழுதுவீங்க."

இரண்டு படங்களையும் யன்னலில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினேன். வின்சன்றின் எலும்போரம் வெண்கட்டிக் கோடுபோல் தடிப்பாய், வெள்ளையாய் நின்றது. முறிந்த இரண்டு துண்டுகளுக்கும் நடுவே இருந்த கறுப்பு வழியாக வீதிக்கு அப்பாலிருந்த காவலரண் மங்கலாகத் தெரிந்தது. மணல் மூட்டைகளுக்கு மேலே ஒரு சிப்பாயின் தொப்பி. அது இந்தப் பக்கம் திரும்பியது.