ஏழாம் தட்டின் பிற்பகல்

கணினித் திரையைத் திறந்ததும், அலுவலகத்தில் சல்லடை என்று பட்டப்பெயர் வாங்கியவரின் கண்ணில் முதலில் பட்டது நேற்றைய வானம் அல்ல, அதன்மேல் யாரோ போட்டுவைத்திருந்த வெள்ளைக் கட்டங்கள்தான். ஏழாம் தட்டின் படத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரத்தில், துணி காயப்போட்டதுபோல வரிசையாக நின்றன. அவர் போட்டவை அல்ல. அவர் போடாத கட்டம் அவர் திரையில் இருப்பது, அவர் போடாத செருப்பு அவர் வாசலில் இருப்பதுபோல.

அந்த வளாகத்தில் முப்பது பெரிய தட்டுகள் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தபடி நிற்கின்றன. நட்சத்திரக் கூட்டங்கள் எந்தக் காலத்திலோ முணுமுணுத்த வானொலி அலைகள் அவற்றில் வந்து விழும். கூடவே பூமியின் குப்பையும் விழும். பொறி பறக்கும் மோட்டார், தலைக்குமேல் போகும் விமானம், சும்மா இருக்க முடியாத செயற்கைக்கோள், எல்லாம். அதனால் வளாகத்துக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை, வாசல் கேட்டிலேயே கொடுத்துவிடவேண்டும். திரையில் இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அலைவரிசை. வானம் அடர்நீலமாகக் கிடக்கும். குப்பை மஞ்சளாகப் பல்லிளிக்கும். அந்த மஞ்சளைச் சுற்றி மவுஸால் ஒரு கட்டம் இழுத்துப் பொத்தானை அமுக்கினால் அந்த இடம் வெள்ளையாகிவிடும். பிறகு கணக்குப் போடும் கணினி அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காது. இதற்கு அலுவலகத்தில் களையெடுப்பு என்று பெயர். எடுத்த களை அழிந்துபோவதில்லை என்பது இதில் விசேஷம். கட்டத்தைத் தூக்கினால் அடியில் அப்படியே இருக்கும். முரட்டுக் களையை இயந்திரமே எடுத்துவிடும். நல்லவன் வேஷம் போடும் களைக்குத்தான் மனிதக் கண் தேவைப்படுகிறது.

அதாவது, சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர் அவர். வேலை கிடைக்காமல் இருந்தாலும் இலவசமாகச் செய்திருப்பார். பிறந்தபோது மருத்துவமனையில் சொன்ன எடையை நம்பாமல்தான் முதல் அழுகை அழுதார் என்று அவருடைய அப்பாவே சொல்லுவார். அப்பா சொல்லாத விஷயம் உலகத்தில் குறைவு. அவர் பேச ஆரம்பித்தால் சுவர்க்கடிகாரம்கூடத் தன் முறை வரட்டும் என்று காத்திருந்து அடிக்கும். சல்லடையின் அம்மா, கல்யாணமாகி வந்த பிறகு ஒரு வாக்கியத்தையும் முடித்ததில்லை. மருத்துவமனைக் கட்டிலில் "எனக்கு என்னமோ..." என்று கடைசியாக ஆரம்பித்ததையும் "ஒண்ணும் இல்ல, வாயுதான்" என்று அப்பாவே முடித்துவைத்தார். அதன்பிறகு அப்பா மகனோடும் மருமகளோடும் இருக்க வளாகக் குடியிருப்புக்கே வந்துவிட்டார்.

பின்னால் வந்து நின்ற டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். தட்டுகளுக்கெல்லாம் தலைவி அவர்.

"ரெண்டு வாரமா ஏழுல மத்தியானம் பாதி காணோமே சார். நீங்க போட்டதா?"

"இல்லைங்க."

"ஏழு எங்க இருக்கு? குடியிருப்பு மதிலுக்கு அந்தப் பக்கம். அங்க யாரோ செல்போனை கேட்டுல குடுக்காம வெச்சிருக்காங்க. இங்க யாரோ அதை மூடி மறைக்கிறாங்க. ரெண்டு பேரும் எனக்கு வேணும். வெச்சிருக்கவங்க குடும்பத்தோட வெளிய போகணும், மறைச்சவங்களுக்கு வேலை கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. சந்தேகப்படறதுல உங்களை மிஞ்ச இங்க ஆள் இல்ல."

பாராட்டு என்று நினைத்துச் சல்லடை சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். டாக்டரம்மா போனபிறகுதான் கட்டங்களை உற்றுப் பார்த்தார். பார்த்ததும் நிமிர்ந்த முதுகு கீழே இறங்கிவிட்டது.

கையெழுத்துப்போலக் கட்டத்துக்கும் கை உண்டு. களையெடுப்பவர்கள் மொத்தம் மூன்று பேர். ஒருவர் தொப்பைக்காரர், மனை வாங்குகிறவர்போல நாலு பக்கமும் தாராளமாக வளைத்துப் போடுவார். சல்லடை, முடிவெட்டுபவர்போலத் தோலோடு ஒட்டி வெட்டுவார். மூன்றாவது ஆள் இடது ஓரத்தில் கச்சிதமாகத் தொடங்கி வலது ஓரத்தில் ஒரு துளி அலட்சியமாக விட்டுவிடும். டப்பாவை மூடினாலும் அப்படித்தான், கடைசிச் சுற்றுச் சுற்றாது. அந்த டப்பாக்கள் சல்லடையின் சமையலறையில் இருந்தன. மூன்றாவது ஆள் அவர் மனைவி. காலை முறை அவளுக்கு, அதன்பிறகு அவருக்கு. அவர் இங்கே வந்து உட்காரும் நேரத்தில் அவள் வீட்டில் இருப்பாள்.

ஒரு கட்டத்தைத் தூக்கினார். அடியில் செல்போன் மஞ்சளாகச் சிரித்தது. பக்கத்தில் கோபுரம் இல்லாத இடம், ஆகவே போன் தொண்டை கிழியக் கத்தித்தான் மலைக்கு அப்பால் இருக்கும் கோபுரத்தை எட்டவேண்டும். அந்தக் கத்தல் ஏழாம் தட்டின் காதுக்குள்ளேயே விழுந்திருந்தது. செல்போனுக்கு ஒரு குணம் உண்டு. இந்தப் பக்கம் ஆள் பேசினால் அலை முழுசாக வரும். வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தால் 'இருக்கேன், இருக்கேன்' என்று அவ்வப்போது முனகுவதோடு சரி. சல்லடை கட்டம் கட்டமாகத் தூக்கிப் பார்த்தார். எல்லா நாளும் ஒரே மாதிரி. நீண்ட நீலம், நடுவில் ஒரு பொட்டு மஞ்சள். மறுபடி நீண்ட நீலம், ஒரு பொட்டு. இந்தப் பக்கத்து ஆள் பேசவே இல்லை. கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அதுவும் சாதாரணக் கேட்பு அல்ல, வாயில் ஈ புகுந்தாலும் தெரியாத கேட்பு.

பிற்பகலில் வீட்டில் இரண்டு பேர். அதில் அப்பாவை அவர் உடனே கழித்துவிட்டார். அப்பா ஒருவர் பேச்சை அரை நிமிஷம் கேட்டார் என்றால் அன்றைக்குச் சூரியன் மேற்கே உதித்திருக்கவேண்டும். அறிவியலில் இதை நீக்கல் முறை என்பார்கள். மிச்சம் ஒருத்திதான். யாரோ ஒருவன் தினமும் பேசுகிறான், அவள் "ம்" கொட்டிக்கொண்டிருக்கிறாள். தன்னிடம் கடைசியாக எப்போது இப்படி "ம்" கொட்டினாள் என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. அதையும் அவள் கணக்கிலேயே எழுதினார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அப்பா குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். குழாயிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கும் தொட்டியிலிருந்து நாட்டு நிர்வாகத்துக்கும் பேச்சு போய்விட்டது. சல்லடை மனைவியின் காதையே பார்த்தார்.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. மத்தியானம் நீ என்ன பண்ணுவ?"

"தூங்குவேன்."

"அப்பா?"

"மாமா கதவைச் சாத்திக்கிட்டு குறட்டை விடுவாரு. அந்தச் சத்தத்துல எனக்கு எங்க தூக்கம் வருது?"

"தூங்குவேன்னு சொன்னியே."

அவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். "விசாரணையா? வக்கீல் வெச்சுக்கட்டுமா?"

"வக்கீல்னதும் ஞாபகம் வருது," என்று அப்பா ஒரு பழைய வழக்கை ஆரம்பித்தார். அத்தோடு விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.

அதன்பிறகு அந்த வாரம் முழுக்க நட்சத்திரங்களுக்குக் கஷ்டகாலம். சல்லடை வேறு எந்தத் தட்டையும் பார்க்கவில்லை. பெண்டாட்டியை வேவுபார்க்க ஜன்னல் திரையை விலக்கியவன் உண்டு, சட்டைப்பையைத் துழாவியவன் உண்டு. ஒரு தேசம் வரிப்பணத்தில் கட்டிய தட்டை வைத்துக்கொண்டு வேவுபார்த்தவர் இவர் ஒருவர்தான். தலைவலி மாத்திரை வாங்க அவளை ஒரு பிற்பகல் கடைக்கு அனுப்பிப் பார்த்தார். அன்று ஏழாம் தட்டில் அப்பழுக்கில்லாத நீலம். மாத்திரையை அவர் விழுங்கவேண்டி வந்தது. அவள் வீட்டில் இல்லை, அலை இல்லை. இதற்குமேல் சாட்சி எதற்கு? அவள் வெளியே போனால் வாசலைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இன்னொருவர் விழித்து உட்காரவேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. சந்தேகத்துக்குக் கண் ஆயிரம், எல்லாம் ஒரே பக்கமாகப் பார்க்கும்.

வியாழக்கிழமை, வளாகத்தைச் சுற்றிக் கள்ள அலை தேடும் ஜீப்பின் ஓட்டுநரிடம் மோப்பக் கம்பியைக் கேட்டு வாங்கினார். மீன்முள் வடிவத்தில் ஒரு கைக்கம்பி, அதோடு ஊசி வைத்த சின்னப் பெட்டி, ஹெட்போன். அலை வரும் திசைக்குக் கம்பியைத் திருப்பினால் ஊசி சாயும், காதில் 'கரகர' கேட்கும்.

"யாரைப் பிடிக்கப் போறீங்க சார்?"

"எலிய."

"எலி செல்போன் வெச்சிருக்கா?"

"இந்தக் காலத்துல சொல்ல முடியாது."

ஓட்டுநர் தலையாட்டினார். அவர் வாயில் ரகசியம் ஒரு பீடி நேரம்கூடத் தங்காது என்பது சல்லடைக்குத் தெரியும். ஆனாலும் வேறு வழியில்லை.

குடியிருப்புத் தெரு வெயிலில் காலியாகக் கிடந்தது. சொந்த வீட்டுக்குப் பின்பக்கமாக, மதிலை ஒட்டி, காதில் ஹெட்போனும் கையில் மீன்முள்ளுமாக அவர் நடந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் ஏழாம் தட்டு அண்ணாந்து நின்றது. ஊசி துள்ளியது. 'கர்ர்' என்று ஒரு சின்னச் சத்தம், பிறகு அமைதி. அவர் மூலையைத் திரும்பினார்.

மனைவி கொடியில் படுக்கை விரிப்பைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் ஈரம், வாயில் துணிக்கவ்வி. 'கர்ர்.' ஊசி மறுபடி துள்ளியது. அவள் கையில் போன் இல்லை. காதில் எதுவும் இல்லை. வாயில் கவ்வி இருக்கும்போது பேசுகிற வித்தை அவளுக்குத் தெரியாது. சல்லடை கம்பியை அவளுக்கு நேராகப் பிடித்தார். ஊசி படுத்துக்கொண்டது. வலது பக்கம் திருப்பினார், மெல்ல எழுந்தது. இன்னும் திருப்பினார். கம்பி அப்பாவின் அறை ஜன்னலில் போய் நின்றது.

ஜன்னல் கண்ணாடிக்குள், கட்டிலில் பக்கச் சுவரைப் பார்த்து அப்பா படுத்திருந்தார். காதோடு போன். கண் திறந்திருந்தது. வாய் மூடியிருந்தது. அப்பாவின் மூடிய வாயைச் சல்லடை அதற்குமுன் பார்த்தது புகைப்படத்தில் மட்டும்தான். யாரோ சொல்வதைக் கேட்டுக் கேட்டு, சுவரில் விரலால் ஏதோ வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். சற்றுக் கழித்து உதடு அசைந்தது. காதில் 'கர்ர்.' "ம்" என்றிருப்பார். மறுபடி நீண்ட அமைதி. நடுவில் ஒருதரம் போனைக் கையால் பொத்திக்கொண்டு, வீட்டாருக்காக ஒரு குறட்டை விட்டார். பிறகு மறுபடி கேட்டார்.

மனைவி அருகில் வந்து நின்றாள். கவ்வியை வாயிலிருந்து எடுத்தாள்.

"எத்தனை நாளா?" என்றார் சல்லடை, கிசுகிசுப்பாக.

"மெதுவா பேசுங்க. அவருக்குக் கேட்டுடும்."

"யாரு அந்தப் பக்கம்?"

"தெரியாது. யாரோ ஒரு அம்மா. நான் கேக்கல."

"கேக்காமயே கட்டம் போட்டியா?"

"கேட்டிருந்தா போட்டிருக்க மாட்டேன்."

அவருக்கு ஒரு களை பிடுங்கிய இடத்தில் இன்னொன்று முளைத்தது. "இது எப்பலேர்ந்து? அம்மா இருந்தப்பவே..."

"அதை என்கிட்ட கேக்காதீங்க." ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "என்னைத்தானே சந்தேகப்பட்டீங்க?" என்றாள்.

"நான் எங்க..."

"கம்பியைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கீங்க. பூப்பறிக்கவா வந்தீங்க?"

அவர் ஹெட்போனைச் சரிசெய்வதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. கவ்வியைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள்.

"உன் வேலை போயிடும். வீடு போயிடும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"ஒரு நாள் கதவு திறந்து கிடந்துச்சு. முக்கால் மணி நேரம் அப்படியே கேட்டுக்கிட்டு இருந்தாரு. ஒரு தடவைகூட குறுக்க பேசல. நான் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து பாக்காத மனுஷனா இருந்தாரு. என்ன செய்யச் சொல்றீங்க?"

தெருமுனையில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. கூரையில் பெரிய கம்பி சுழல, ஜீப் முதல் வீட்டருகே ஊர்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்தில், நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடி வெயிலில் மின்னியது. வீடு வீடாக நின்று நின்று வந்தார்கள்.

"கண்ணாடியைத் தட்டுங்க," என்றாள் மனைவி. "உடனே அணைச்சிடுவாரு."

சல்லடை கையைத் தூக்கினார். அந்த நேரத்தில் உள்ளே அப்பா எழுந்து உட்கார்ந்தார். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார். குழாயைப் பற்றிப் பேசும் முகம் அல்ல அது. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தார், வைத்ததைப் பார்த்து நின்றார், அடுத்ததைத் தேடினார். கண்ணாடி வழியாக ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஹெட்போனில் கரகரப்பு மட்டும் நீண்டுகொண்டே போனது.

"தட்டுங்க," என்றாள் அவள் மறுபடி. இந்தமுறை அவ்வளவு அழுத்தமாக இல்லை.

ஜீப் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. அவர் விரல் கண்ணாடிக்கு ஒரு நூல் தள்ளி நின்றது. மற்றொரு கையில் இருந்த பெட்டியில் ஊசி கடைசிக் கோடுவரை சாய்ந்து, திரும்பி வராமல், அங்கேயே நடுங்கிக்கொண்டிருந்தது.