குளிப்பாட்டிய வெண்கலக் குழந்தை

பழம்பொருள் தோண்டுகிற இடத்தில் கூடை சுமந்த தியாபுக்கு மண்ணோடு ஒரு வெண்கலக் குழந்தை கிடைத்தது. விரல் நீளம்தான். கண்காணி திரும்புவதற்குள் வாயில் அடக்கிக்கொண்டான். வீட்டுக்கு வந்து மனைவி பத்ரியாவின் உள்ளங்கையில் துப்பினான்.

"இது விக்கிறதுக்கில்ல. இடுப்புல கட்டிக்க. பிள்ள தங்கும்."

வயிறு திறக்காத பெண்கள் அந்த ஊரில் பிள்ளை வேண்டிப் பழங்காலத்துக் கல்லைத் தாண்டுவார்கள். இது கல்கூட இல்லை, குழந்தையேதான். பத்ரியா கட்டிக்கொண்டாள். பையன் பிறந்தான். ஏழாம் நாள் சடங்கில் பிள்ளையைப் போட்டு அசைக்க, பக்கத்து வீட்டு ஸகீனாவிடம் சல்லடைகூட வாங்கி வைத்தாயிற்று. அதற்குள் பிள்ளை போய்விட்டது. சல்லடையைத் திருப்பிக் கொடுக்க பத்ரியாவே போனாள்.

ஸகீனா அருங்காட்சியகத்தில் தரை துடைப்பவள். ஆறுதல் சொல்லத் தெரியாதவள்.

"அங்கயும் ஒருத்தி உன்னாட்டம்தான்டி உக்காந்திருக்கா. உன் புருஷன் ஆளுங்க எடுத்த அம்மன். பால் குடுக்கிற மாதிரி மாரப் புடிச்சிருக்கா, மடியில பிள்ளயக் காணோம். எவனோ பேத்துட்டானாம்."

பத்ரியாவின் கை தானாக இடுப்புக்குப் போனது.

சாப்பிடும்போது தியாபிடம் சொன்னாள். "ஒருத்தி பிள்ளயப் பிடுங்கிட்டு வந்தா நமக்கு எப்படித் தங்கும்? குடுத்துட்டு வர்றேன்."

"குடு. அப்படியே எனக்கு ஜெயிலுக்கு ரொட்டியும் கொண்டா."

"எங்க கிடைச்சதுன்னு சொல்ல மாட்டேன்."

"அவனுங்க சொல்ல வைப்பானுங்க." அவரைப்பருப்புக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். போகாதே என்று மட்டும் சொல்லவில்லை.

அழுக்குப் பிள்ளையைத் தாயிடம் நீட்ட அவளுக்கு மனம் வரவில்லை. உடம்பெல்லாம் பச்சைக் களிம்பு. எலுமிச்சையும் சாம்பலும் போட்டு, காது மடிப்பு, கால் இடுக்கு விடாமல் தேய்த்தாள். பொன்னாக மின்னியது.

கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மன் ஒரு முழம்கூட இல்லை. ஒரு கை மார்புக்கு அடியில். இன்னொரு கை, தலையைத் தாங்குவதற்கு வளைந்தது, எதையும் தாங்காமல் நின்றது. பார்த்துக்கொண்டிருந்தபோதே பத்ரியாவுக்குப் பால் கசிந்து அங்கி நனைந்தது. பெட்டியில் திறப்பு எங்கும் இல்லை. குழந்தையை அதன் காலடியில் வைத்துவிட்டு நடந்தாள்.

"யாரோட உம்மா நீ? நில்லு!" காவலாளி ஹிஃப்னி. பெண்களைப் பிள்ளையின் பெயர் சொல்லி, இன்னாரின் உம்மா என்றுதான் அங்கே கூப்பிடுவார்கள்.

"யாருக்கும் இல்ல."

அவன் குனிந்து எடுத்தான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துச் சிரித்தான். "வாசல்ல விக்கிற பொம்மையா? பாலிஷ்கூட காயல போலருக்கு. உள்ள கடை போடக் கூடாதும்மா."

"இது அவளுது."

"எவளுது?"

பத்ரியா அம்மனைப் பார்த்தாள். வாய் திறந்தாள். தியாபின் மணிக்கட்டுகள் நினைவுக்கு வந்தன, கூடை சுமந்து காப்புக் காய்த்துப்போன மணிக்கட்டுகள். வாயை மூடிக்கொண்டாள்.

"உன் பிள்ளைக்கு விளையாடக் குடு, போ," என்று ஹிஃப்னி அதை அவள் கையில் திணித்தான். நல்ல மனசோடுதான் திணித்தான்.

வாசலில் பொம்மைக்காரன் தட்டை நீட்டினான். தட்டு நிறைய இதே மினுமினுப்பு. அவள் பொத்திய கையை இறுக்கி ஈர மார்போடு வைத்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள். அந்தப் பச்சைக் களிம்போடு, குளிப்பாட்டாமலே கொண்டுவந்திருக்கலாம்.